குறி தவறிய குண்டு

1/ கொழும்பு போனவங்க ரேஸ்கோர்ஸ் திடலைப் பார்த்திருப்பீங்க. இப்போ கடைகள், ரக்பி மைதானம். 1942-ல் அந்தக் குதிரைப் பந்தயத் திடல்தான் போர் விமானத் தளம்.

2/ அந்த ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு அன்று ஜப்பான் விமானங்கள் கொழும்பைத் தாக்கின. மறுநாள் விசாகப்பட்டினம், காக்கிநாடா. சென்னையில் ஜனங்க மூட்டை கட்டிட்டுக் கிளம்பிட்டாங்க. 9-ம் தேதி திருகோணமலையில் குண்டு விழுந்தது.

3/ அன்று காலை ஜப்பான் கப்பற்படையைத் தேடிப் போனவை பிரிட்டிஷ் 11-வது ஸ்குவாட்ரனின் 9 பிளென்ஹைம் விமானங்கள். ஒவ்வொன்றிலும் 3 பேர். துணைக்கு ஒரு சண்டை விமானம்கூட இல்லை. எதிரில் 5 விமானந்தாங்கிக் கப்பல்கள்.

4/ பறந்த உயரம் 11,000 அடி. கொடைக்கானலே ஏறக்குறைய 7,000 அடிதான். பூண்டி ரோட்டில் மேகம் நம்ம காலுக்குக் கீழே போகும் பாருங்க, அதுக்கும் ரொம்ப மேலே. அகாகி கப்பலில் யாருக்கும் தெரியல. பக்கத்தில் குண்டு விழுந்து கடல் தண்ணி எழும்பின பிறகுதான் நிமிர்ந்து பார்த்தாங்க.

5/ ஒரு குண்டும் கப்பல் மேல் படலை. ஜீரோ விமானங்கள் விரட்டி 4 பிளென்ஹைம்களை வீழ்த்தின. ஐந்தாவது, மட்டக்களப்புப் பக்கம் ஹெர்மிஸ் கப்பலை மூழ்கடிச்சிட்டுத் திரும்பிய ஜப்பான் விமானங்களிடம் வழியில் மாட்டிக்கொண்டது. மீதி 4 மட்டும் அடிபட்ட உடம்போட தளத்துக்கு வந்து சேர்ந்தன.

6/ கணக்குப் பார்த்தா படுதோல்விதான். ஆனா அந்தக் கப்பற்படை மேல் வானிலிருந்து நடந்த முதல் கூட்டுத் தாக்குதல் இது. அந்தக் கப்பல்களில் ரேடார் கிடையாது, கண் பார்வைதான் காவல். தலைக்கு மேல் எதிரி வந்தாலும் தெரியாதுன்னு அன்றைக்கே வெளிச்சமாச்சு. ஆனா சேதம் இல்லையே, அதனால் யாரும் பெரிசா எடுத்துக்கல.

7/ சரியா 56 நாள் கழிச்சு, ஜூன் 4, மிட்வே. மறுபடியும் கவனிக்காத உயரத்திலிருந்து அமெரிக்க விமானங்கள் பாய்ந்தன. அந்தப் போரில் மூழ்கிய 4 விமானந்தாங்கிகளில் அகாகி, சோர்யூ, ஹிர்யூ மூன்றும் இலங்கைக்கு வந்தவை.

8/ ஓ.பி.யில் அடிக்கடி கேட்கிறேன்: "நெஞ்சை அடைச்சுது டாக்டர், அப்புறம் தானா சரியாயிடுச்சு." "போன வாரம் ஒரு கை மரத்து வாய் குழறுச்சு, பத்து நிமிஷத்துல போயிடுச்சு." அது சரியானது இல்லீங்க. பக்கத்தில் விழுந்த குண்டு.

9/ அகாகிக்கு 56 நாள் கிடைச்சது. உங்களுக்கு எத்தனை நாள்னு எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. வலி போயிடுச்சேன்னு வீட்டில் இருக்காதீங்க. உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க.