இரத்தத்தில் ஓர் எண் – 7: எலி சொன்ன பொய்

கியோட்டோவின் ஒரு தானியக் கடையில் எடுத்த அரிசி. அதில் படர்ந்திருந்த நீலப்பச்சைப் பூஞ்சணம். ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட நுண்ணுயிரிகளைச் சலித்து, டோக்கியோவின் சங்க்யோ நிறுவன ஆய்வாளர் அகிரா எண்டோ 1973இல் அதிலிருந்து 'காம்பாக்டின்' என்ற பொருளைப் பிரித்தெடுத்ததைச் சென்ற வாரம் பார்த்தோம். கல்லீரல் கொலஸ்ட்ராலைத் தயாரிக்க உதவும் நொதியை அது சோதனைக் குழாயில் கட்டிப்போட்டது.

உயிருள்ள எலிக்குக் கொடுத்தார்கள். கொலஸ்ட்ரால் அளவு இம்மியும் அசையவில்லை. மூட்டை கட்ட வேண்டியதுதான் என்றார்கள் பலர்.

காரணம் பின்னால்தான் தெரிந்தது. மருந்து நொதியைத் தடுக்கத் தடுக்க, எலியின் கல்லீரல் அதே நொதியைப் பல மடங்காகப் பெருக்கிக்கொண்டது. போதாக்குறைக்கு, எலி இரத்தத்தில் ஓடுவது பெரும்பாலும் எச்டிஎல், அதாவது 'நல்ல' கொலஸ்ட்ரால். இதயக் குழாயை அடைக்கும் எல்டிஎல் அதில் சொற்பம். இறங்க வேண்டிய சரக்கே இல்லாத இடத்தில் எண் எப்படி இறங்கும்?

1976இன் தொடக்கம். ஆய்வகத்துக்கு அருகிலிருந்த மதுக்கடையில், முட்டைக்கோழிகளை வைத்து ஆய்வு செய்துவந்த சக ஊழியர் ஒருவரைச் சந்தித்தார் எண்டோ. ஆய்வு முடிந்ததும் அந்தக் கோழிகளைக் கொன்றுவிடுவார்கள். எண்டோவுக்குப் பொறி தட்டியது. ஒரு முட்டைக்குள் அவ்வளவு கொலஸ்ட்ரால் வைக்கிற கோழி, அதைத் தன் உடம்பில் ஏராளமாகத் தயாரித்தாக வேண்டுமே!

"எனக்குக் கொடுங்கள்" என்று கேட்டார். தீவனத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு காம்பாக்டின் கலந்தார்கள். சில வாரங்களில் கோழிகளின் கொலஸ்ட்ரால் ஏறத்தாழ பாதியானது. முட்டையிடுவது குறையவில்லை. அடுத்து நாய்கள். அவற்றில் எல்டிஎல் நன்றாகச் சரிந்தது, எச்டிஎல் சரியவில்லை. மொத்தக் கணக்கை மட்டும் பார்த்தால் போதாது, எது இறங்கியது என்று பார்க்க வேண்டும் என்ற பாடம் அங்கே கிடைத்தது.

1978 பிப்ரவரி. ஒசாகா பல்கலைக்கழக மருத்துவர் அகிரா யாமமோட்டோ முதல் நோயாளிக்கு மருந்தைக் கொடுத்தார். வயது பதினெட்டு. பரம்பரைக் கோளாறால் அந்தப் பெண்ணின் கொலஸ்ட்ரால் டெசிலிட்டருக்கு 1,000 மில்லிகிராம். சாதாரணமாக 200க்குள் இருக்க வேண்டியது.

எண் இறங்கத் தொடங்கியது. ஆனால் இரத்தப் பரிசோதனைத் தாளில், யாரும் எதிர்பாராத வேறோர் எண் ஏறியிருந்தது. தசை சிதைந்தால் கசியும் நொதியின் எண் அது. அந்தப் பெண்ணால் சரியாக நடக்க முடியவில்லை.

மருந்தை நிறுத்தினால் கொலஸ்ட்ரால் மறுபடி ஏறும். தொடர்ந்தால்..?

(தொடரும்)