பிற்பகல் மூன்று மணிக்கு மூடிய நகரம்

புனேவுக்குப் போகிறோம் என்று சொன்னால் உடனே ஒரு பட்டியல் கைக்கு வந்துவிடும். சனிவார் வாடா, லால் மகால், தகடூசேட் கணபதி கோயில், பார்வதி மலை, ஆகாகான் அரண்மனை, சிங்ககட் கோட்டை. நேரம் இருந்தால் கேள்கர் அருங்காட்சியகம். மாலையில் கடைத்தெரு. இரண்டு நாளில் நகரத்தைப் பார்த்து முடித்துவிடலாம் என்கிறார்கள்.

நாமும் அந்த இடங்களுக்குத்தான் போகப்போகிறோம். ஆனால் பட்டியலில் இல்லாத ஒரு கேள்வியோடு போவோம். அன்று இந்த நகரத்துக்குள் நம்மை விட்டிருப்பார்களா?

மராட்டிய அரசின் பெயரளவிலான தலைநகரம் சத்தாரா. அரசர் அங்கே இருந்தார், அதிகாரம் புனேயில் இருந்தது. 18ஆம் நூற்றாண்டில் இந்தியாவின் பெரும்பகுதியை ஆட்டிவைத்த பேஷ்வாக்கள் என்ற பார்ப்பன அமைச்சர்களின் இருப்பிடம் இது. அந்தப் புனேயின் எல்லைக்குள் பிற்பகல் 3 மணி முதல் மறுநாள் காலை 9 மணி வரை மகர், மாங் மக்கள் இருக்கக் கூடாது என்ற தடை இருந்ததைச் சமூகவியலாளர் ஜி.எஸ். குர்யே பதிவு செய்திருக்கிறார். ஏன் அந்த நேரம்? காலையிலும் மாலையிலும் மனிதனின் நிழல் நீண்டு விழும். நீண்ட நிழல் உயர்சாதிக்காரர் மேல் பட்டுவிடும். சூரியன் உச்சியில் நின்று நிழல் காலடிக்குள் சுருங்கும் சில மணி நேரம் மட்டுமே நம் மக்களுக்கு நகரம் திறந்திருந்தது.

எனவே தோழர்களே, கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றுவோம்.

காலை 9 மணி: சனிவார் வாடா

முதலாம் பாஜிராவ் 1730இல் அடிக்கல் நாட்டி 1732இல் குடிபுகுந்த மாளிகை இது. 1828இல் பிடித்த தீயில் மரக்கட்டுமானம் முழுவதும் எரிந்துபோனது. இன்று மிஞ்சியிருப்பவை கல் மதில், ஐந்து வாசல்கள், உள்ளே அடித்தளங்கள், புல்வெளி. யானைகள் முட்டித் திறந்துவிடாதபடி இரும்பு முட்கள் பதித்த தில்லி வாசல் கதவின் முன் நின்று எல்லோரும் படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

இங்கே வருபவர்களுக்குத் தவறாமல் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. 1773இல் இளம் பேஷ்வா நாராயண்ராவ் இந்த மாளிகைக்குள் வெட்டிக் கொல்லப்பட்டார். பௌர்ணமி இரவுகளில் சித்தப்பாவைக் கூப்பிட்டு அலறும் அவர் குரல் இன்னும் கேட்கிறது என்பார்கள். கொலை வரலாறு, குரல் கட்டுக்கதை. கொல்லப்பட்ட ஒரு பேஷ்வாவின் குரல் இருநூற்றைம்பது ஆண்டுகளாகக் கேட்கிறது. நகருக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களின் குரல் யாருக்காவது கேட்டதா?

கேட்டது. 1855இல் 'ஞானோதயா' இதழில் மாங், மகர் மக்களின் துயரம் பற்றி ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர் முக்தா சால்வே. புலே இணையர் நடத்திய பள்ளியில் படித்த மாங் சாதிச் சிறுமி. பாஜிராவ் காலத்தில் உடற்பயிற்சிக் கூடத்தின் எதிரே நடந்துபோன மாங், மகர் ஆட்களின் தலையை வெட்டி, குல்டேக்டி மைதானத்தில் அதைப் பந்தாகவும் வாளை மட்டையாகவும் வைத்து விளையாடினார்கள் என்று அவர் எழுதினார். மாளிகைகளின் அடித்தளத்தில் நம் மக்களைப் புதைத்ததையும் எழுதினார். வேதம் பார்ப்பனருக்கு மட்டும் உரியது என்றால் எங்களுக்கு மதமே இல்லை என்றல்லவா ஆகிறது என்று கடவுளிடமே கேட்டார். அந்தக் குல்டேக்டி இன்று புனேயின் பெரிய காய்கறிச் சந்தை இருக்கும் பகுதி.

இங்கே ஒரு விவாதத்தையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். தீண்டப்படாதவர் காலடித் தடத்தை அழிக்க இடுப்பில் துடைப்பமும், எச்சில் தரையில் விழாதிருக்கக் கழுத்தில் கலயமும் கட்டிக்கொண்டு நடக்க வேண்டியிருந்தது என்று அண்ணல் அம்பேத்கர் 1936இல் 'சாதி ஒழிப்பு' நூலில் எழுதினார். அதற்குப் பேஷ்வா ஏட்டில் ஆதாரம் காட்டு என்று நம்மிடம் சவால் விடுவார்கள். திணற வேண்டாம். தண்டித்தவனின் கணக்கேட்டில் தண்டனை பெற்றவனின் வலி பதிவாவதில்லை. பேஷ்வா ஆட்சி வீழ்ந்தது 1818இல். முக்தா எழுதியது 37 ஆண்டுகள் கழித்து. அந்த ஆட்சியில் வாழ்ந்த தாத்தா பாட்டிகள் உயிரோடு இருந்த காலம் அது. ஒடுக்கப்பட்டவரின் நினைவும் வரலாற்றுச் சான்றுதான். மற்ற சான்றுகளைப் போலவே அதையும் ஆராய்ந்து, பொறுப்போடு எடுத்து வைக்க வேண்டும்.

காலை 11 மணி: விஸ்ராம்பாக் வாடா, பிடே வாடா

தெற்கே நடந்தால் விஸ்ராம்பாக் வாடா வரும். கடைசிப் பேஷ்வாவான இரண்டாம் பாஜிராவின் மாளிகை. மர வேலைப்பாடுள்ள தூண்களைப் பார்க்கப் பயணிகள் வருகிறார்கள். பேஷ்வா போன பிறகு இங்கே நடந்ததைப் பாருங்கள். 1821இல் ஆங்கிலேயர் இந்தக் கட்டடத்தில் ஒரு சமஸ்கிருதக் கல்லூரியைத் தொடங்கினார்கள். பேஷ்வாக்கள் பார்ப்பனருக்குக் கொடுத்துவந்த தட்சிணைப் பணத்திலிருந்து அதற்கு நிதி வந்தது. படித்தவர்கள் பார்ப்பனர்கள். ஆட்சி மாறியது, தட்சிணை போகும் திசை மாறவில்லை.

ஆனால் அதே விஸ்ராம்பாக் வாடாவில்தான் 1852 நவம்பரில் ஜோதிராவ் புலேவுக்கு அரசு சார்பில் பாராட்டு விழா நடந்தது. பெண்களுக்கும் தீண்டப்படாத சாதிக் குழந்தைகளுக்கும் பள்ளி நடத்தியதற்காக. பேஷ்வாவின் கூடத்தில் ஒரு மாலிக்குச் சால்வை. சனாதனிகள் வயிறு எரிந்திருக்காதா?

அங்கிருந்து சற்று நடந்தால் புத்வார் பேட். 'பேட்' என்றால் நம் ஊர்ப் பேட்டைதான். தகடூசேட் கணபதி கோயிலின் எதிர்ப்புறம் இருந்த பிடே வாடாவில் 1848இல் புலே இணையர் பெண்களுக்கான பள்ளியைத் தொடங்கினார்கள். தெருவில் நடந்து போன சாவித்திரிபாய் மேல் சாணியும் கல்லும் எறிந்தார்கள், அவர் மாற்றுப் புடவையைக் கையில் எடுத்துப் போனார் என்ற வரலாறு இந்தத் தெருக்களுடையது.

எதிரே கோயில் வாசலில் நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் வரிசையில் நிற்க, இந்தப் பக்கம் பிடே வாடா பல்லாண்டுகள் இடிந்து சரிந்துகொண்டிருந்தது. நீண்ட வழக்குக்குப் பின், 2023 டிசம்பரில் தேசிய நினைவகம் கட்டுவதற்காக அதை இடித்தார்கள். சனிவார் வாடாவின் எரிந்த அடித்தளக் கற்களைக்கூட நூற்றாண்டுக் கணக்கில் காப்பாற்றி வைத்திருக்கும் நாட்டில், அந்தப் பள்ளியின் சுவர் ஒன்றைக்கூடக் காப்பாற்ற முடியவில்லை. நினைவகம் வேண்டும்தான். ஆனால் மூலச் சுவர் இருக்கும்போதே அதைக் காக்கக் கேட்கத் தவறினால் பிறகு பலகைதான் மிஞ்சும் என்ற பாடத்தை நாம் கற்க வேண்டும்.

பகல் 1 மணி: கஞ்ச் பேட்

இன்று மகாத்மா புலே பேட் என்று பெயர். புலே வாழ்ந்த வீடு இங்கே நினைவிடமாக இருக்கிறது. பெரிய மாளிகை அல்ல. ஓடு வேய்ந்த வீடு, முற்றம், ஒரு கிணறு. அந்தக் கிணற்றின் அருகே கொஞ்ச நேரம் உட்காருங்கள். 1868இல் தீண்டப்படாத மக்களுக்காகப் புலே இணையர் திறந்துவிட்ட கிணறு அது. மகத் சவுதார் குளத்தில் அண்ணல் நீர் அருந்தியது 1927இல். அதற்கு 59 ஆண்டுகளுக்கு முன் நடந்தது இது.

1873 செப்டம்பர் 24 அன்று புலே சத்தியசோதக் சமாஜத்தைத் தொடங்கினார். அதே ஆண்டில் 'குலாம்கிரி' வெளிவந்தது. 1897இல் புனேயைப் பிளேக் தாக்கியபோது நோயாளிகளுக்குத் தொண்டு செய்த சாவித்திரிபாய் அந்த நோய்க்கே பலியானார். இதே பகுதியில்தான் மாங் சாதியில் பிறந்த லகுஜி சால்வேவின் சிலம்பக்கூடமும் இருந்தது. புலே அவரிடம் பயிற்சி பெற்றவர். புலேவின் பள்ளிக்கு நம் குழந்தைகளைச் சேர்த்துவிடுவதில் துணை நின்றவரும் லகுஜிதான். மேலிருந்து யாரோ வந்து கொடுத்த கல்வி அல்ல இது, சேரியும் கை கொடுத்துக் கட்டியது.

மாலை 3 மணி: பார்வதி மலை

பழைய கணக்குப்படி இப்போது நாம் ஊரை விட்டு வெளியேறியாக வேண்டும். வேண்டாம், மலை ஏறுவோம்.

நூற்றுச் சொச்சம் படிகள். மேலே நானாசாகேப் பேஷ்வா கட்டிய கோயில். நகரம் முழுவதும் கீழே தெரியும். மாலைக் காற்று வாங்கக் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். 1929 அக்டோபரில் சிவராம் ஜான்பா காம்ப்ளே, பி.என். ராஜ்போஜ் முதலியோர் தலைமையில் நம் மக்கள் இந்தக் கோயிலுக்குள் நுழையப் போராடினார்கள். கல்லும் செருப்பும் பறந்து வந்தன. ராஜ்போஜ் காயமடைந்தார். மாதக்கணக்கில் நீடித்தும் கதவு திறக்கவில்லை. மலையில் நின்று காட்சியை ரசிக்கும்போது, இந்தப் படிகளில் சிந்திய இரத்தத்தையும் நினைத்துக்கொள்வோம்.

மறுநாள்: எரவாடாவும் கோரேகாவ் தூணும்

ஆகாகான் அரண்மனைக்குப் போகாத பயணி இல்லை. காந்தி சிறைவைக்கப்பட்டதும், கஸ்தூரிபா 1944இல் இறந்ததும் அங்கே. அதற்கு வெகு தொலைவில்லாத எரவாடா சிறை நம் தலையெழுத்தை மாற்றிய இடம். தனித்தொகுதியும் இரட்டை வாக்கும் தந்த வகுப்புவாரித் தீர்ப்பை எதிர்த்து 1932 செப்டம்பர் 20 அன்று காந்தி இங்கே உண்ணாநோன்பு தொடங்கினார். 24ஆம் நாள் பூனா ஒப்பந்தம் கையெழுத்தானது. தனித்தேர்தல் போனது. மாகாண சட்டமன்றங்களில் 148 இடங்கள் ஒதுக்கப்பட்டன, அதில் சென்னை மாகாணத்துக்கு 30. அந்தத் தாளில் நம்மவர் கையெழுத்துகளும் இருக்கின்றன. வட்டமேசை மாநாட்டில் அண்ணலோடு நின்ற தாத்தா இரட்டைமலை சீனிவாசன் கையெழுத்திட்டார். அதுவரை கூட்டுத்தொகுதிக்கு வாதாடிய எம்.சி. ராஜாவும் கையெழுத்திட்டார். இன்று தமிழ்நாட்டில் தனித்தொகுதியில் வென்ற ஒருவர் சேரி எரியும்போது வாய் மூடி நிற்பதைப் பார்த்து நாம் கொதிக்கிறோமே, அந்த வாய்ப்பூட்டின் தொடக்கம் எரவாடாவில் இருக்கிறது. நம்மிடம் ஓட்டு வாங்காமலே நம் பிரதிநிதி ஆகலாம் என்ற ஏற்பாடு அது.

புனேயிலிருந்து வடகிழக்கே ஏறக்குறைய 30 கிலோமீட்டரில் பீமா ஆற்றங்கரையில் கோரேகாவ் வெற்றித்தூண். 1818 ஜனவரி 1 அன்று, எண்ணூற்றுச் சொச்சம் பேர் கொண்ட கம்பெனிப் படை பேஷ்வாவின் பெரும்படையைத் தடுத்து நின்றது. தூணில் பொறித்த 49 பெயர்களில் 22 பெயர்கள் 'நாக்' என்று முடியும் மகர் பெயர்கள். 1927 ஜனவரி 1 அன்று அண்ணல் இங்கு வந்தார். அன்றிலிருந்து இது நம் யாத்திரைத் தலம்.

இங்கும் நேர்மையாகப் பேசுவோம். கம்பெனிப் படையில் மகர்கள் மட்டும் இல்லை. மராட்டியர், முஸ்லிம்கள் முதலிய பலரும் இருந்தார்கள், சென்னையிலிருந்து வந்த பீரங்கிப் படையினரும் இருந்தார்கள். கம்பெனி நம்மை விடுவிக்க வரவில்லை, நாடு பிடிக்க வந்தது. அதே ஆங்கில அரசு பின்னாளில் மகர்களைப் படையில் சேர்ப்பதை நிறுத்தியது. மீண்டும் சேர்க்கச் சொல்லி 1910இல் மனு எழுதியவர் பார்வதியில் போராடிய அதே காம்ப்ளே. பிறகு ஏன் தூணை வணங்குகிறோம்? நிழல்கூட விழக்கூடாது என்று விரட்டப்பட்டவனின் பெயர், அந்தத் தலைநகரத்தின் வாசலில் கல்லில் நிற்கிறது. அது போதும். அதற்காக அன்றைய போரைச் சாதிப் போராக மட்டும் சுருக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அந்தக் கல்லுக்கே இவ்வளவு அஞ்சுகிறார்கள். 2017 டிசம்பர் 31 அன்று சனிவார் வாடாவில் எல்கார் பரிஷத் கூடியது. மறுநாள் இருநூறாம் ஆண்டு நினைவுக்குக் கோரேகாவ் வந்த மக்கள் தாக்கப்பட்டார்கள். பின்னர் எழுத்தாளர்களும் வழக்கறிஞர்களும் ஊபா சட்டத்தில் சிறைவைக்கப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் திருச்சி மண்ணில் பிறந்து ஜார்க்கண்ட் பழங்குடி மக்களோடு வாழ்ந்த ஸ்டேன் சுவாமி. 2021 ஜூலை 5 அன்று, 84 வயதில், பிணை கிடைக்காமலே காவலில் இறந்தார்.

சுற்றுலா என்பது வேடிக்கை பார்ப்பது மட்டும் அல்ல. எந்தச் சுவரைக் காப்பாற்றுகிறார்கள், எதை இடிய விடுகிறார்கள், எந்தக் கதையைப் பலகையில் எழுதுகிறார்கள் என்று படிப்பதும் அதில் சேரும். புனே போகும் தோழர்கள் 'சாதி ஒழிப்பு', 'குலாம்கிரி' இரண்டையும் பையில் வைத்துக்கொள்ளுங்கள். போக முடியாதவர்கள் உங்கள் ஊரிலேயே தொடங்குங்கள். நம் ஊர் அரண்மனைக்கும் கோயிலுக்கும் பின்னால் நுழைய முடியாத தெரு எது, தண்ணீர் மறுத்த கிணறு எது, முதல் பள்ளி எங்கே நடந்தது என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். பிடே வாடாவின் சுவர் போய்விட்டது. நம் ஊரில் இன்னும் நிற்கும் சுவர்களுக்காவது நாம் முந்திக்கொள்வோம்.

ஜெய்பீம்.