பொதி, ஓடை, சாவி: சில கணினிச் சொற்களின் வரலாறு

மென்பொருள் எழுதுகிறவர்கள் புதிய சொற்களைப் படைக்க அவ்வளவாக மெனக்கெடுவதில்லை. தமக்கு வேண்டியதை வேறொரு தொழிலிலிருந்து எடுத்துக்கொண்டு விடுவார்கள். ஒருவர் எழுதிய நிரலை மற்றொருவரின் கணினிக்குக் கொண்டுசேர்க்கும் துறையில் அவர்கள் கைவைத்தது வணிகர்களின் சொல்வளத்தில். பேக்கேஜ் என்றால் பொதி. ரெபாசிட்டரி என்றால் களஞ்சியம். மேனிஃபெஸ்ட் என்பது கப்பல் தலைவன் துறைமுகத்தில் காட்டும் சரக்குப் பட்டியல். சொற்களோடு சேர்ந்து வணிகத்தின் பழைய கேள்வி ஒன்றும் வந்துவிட்டது: பொதிக்குள் இருப்பது இன்னதுதான் என்று உறுதி சொல்வது யார்? கடந்த முப்பதாண்டுகளில் இத்துறையின் சொற்கள் மாறிவந்த வரலாறு, இந்தக் கேள்விக்குச் சொல்லப்பட்ட விடைகளின் வரலாறும் ஆகும்.

முதல் விடை ‘ஒரு மையம் உறுதி சொல்லும்’ என்பது. 1993 ஆகஸ்ட் 16 அன்று, பர்டூ பல்கலைக்கழக மாணவராக இருந்த இயன் மர்டாக், டெபியன் என்ற லினக்ஸ் தொகுப்பை அறிவித்தார். காதலி டெப்ராவின் பெயரையும் தன் பெயரையும் இணைத்து அமைத்த பெயர் அது. டெபியன் வேரூன்றச் செய்த சொற்களில் முதன்மையானது மெயின்டெய்னர், அதாவது பராமரிப்பாளர். இவர் பெரும்பாலும் நிரலை எழுதியவர் அல்லர். எழுதியவருக்கும் பயன்படுத்துகிறவருக்கும் நடுவில் நின்று, நிரலை வாசித்து, திருத்தி, பொதியாகக் கட்டி, தன் பெயரைப் போட்டுக் களஞ்சியத்தில் வைப்பவர். சுவடிக்கும் வாசகனுக்கும் இடையே நிற்கும் பதிப்பாசிரியரின் இடம் அது.

அடுத்த சொல் டிபெண்டன்சி, அதாவது சார்பு. எந்த நிரலும் தனித்து இயங்குவதில்லை. படம் காட்டும் நிரல், சுருக்கப்பட்ட கோப்பை விரிக்கும் மற்றொரு நிரலைச் சார்ந்திருக்கும், அது இன்னொன்றை. 1999இல் வெளியான டெபியன் 2.1இல் இடம்பெற்ற ஆப்ட் என்ற கருவி, இந்தச் சங்கிலியைத் தானே தொடர்ந்து சென்று வேண்டியவற்றையெல்லாம் கொண்டுவந்தது. மிரர் எனப்பட்ட களஞ்சிய நகல்கள் உலகெங்கும் இருந்தன. ஆனால் கண்ணாடி எத்தனை இருந்தாலும் முகம் ஒன்றுதான். எந்தப் பெயர் எந்தப் பொதிக்கு உரியது, எது உள்ளே வரலாம் என்பதையெல்லாம் மையமே தீர்மானித்தது. பொதியை நிறுவும்போது அதனுள் இருக்கும் சிறு நிரல்கள் கணினியின் முழு அதிகாரத்தோடு ஓடின. பொதியைக் கட்டியவரை நம்புவது என்றால் வீட்டுச் சாவியையே கொடுத்துவிடுவது என்று பொருள்.

இந்த ஏற்பாட்டை மறுத்து, 2000களில் தாமஸ் லெனர்ட் உருவாக்கியது ஸீரோ இன்ஸ்டால். ‘நிறுவுதல் வேண்டாம்’ என்பதே அதன் பெயர். மையமில்லாத ஒரு முறைக்குப் புதிய சொற்கள் தேவைப்பட்டன. அங்கே நிரலின் பெயர் இன்டர்ஃபேஸ் எனப்பட்டது. அது யாரும் வழங்கும் பெயரன்று. ஓர் இணைய முகவரி. உங்கள் முகவரியின் கீழ் நீங்கள் இடும் பெயர், இன்னொருவர் தம் முகவரியில் இடும் பெயரோடு மோதாது. அதைக் காக்க ஒரு பதிவாளரும் வேண்டியதில்லை. ஒரு குறிப்பிட்ட வகைக் கணினிக்கென ஆக்கப்பட்ட குறிப்பிட்ட பதிப்புக்கு இம்ப்ளிமென்டேஷன் என்று பெயர். நாடகத்துக்கும் அதன் மேடையேற்றத்துக்கும் உள்ள உறவு இவ்விரண்டுக்கும் உண்டு.

இரண்டையும் இணைப்பது ஃபீடு. வலைப்பதிவர்கள் செய்தியோடை என்று தமிழாக்கிய அதே சொல்தான். எந்தெந்தப் பதிப்புகள் உள்ளன, எங்கே கிடைக்கும், எவற்றைச் சார்ந்தவை என்ற பட்டியல் அதில் இருக்கும். ஆசிரியரின் மறைகுறிச் சாவியால் ஒப்பமிடப்பட்டிருக்கும். ஒரு சாவியை முதன்முதலாகச் சந்திக்கும்போது, இந்த முகவரிக்கு இந்தச் சாவியை ஏற்கிறீர்களா என்று பயனரிடமே கேட்கப்படும். மையம் சொன்ன விடையை இனி ஒவ்வொருவரும் தாமே சொல்ல வேண்டும்.

இவற்றில் ஆழமான சொல் டைஜஸ்ட். சாரம் என்று கொள்ளலாம். பொதியிலுள்ள கோப்புகள் அனைத்தையும் ஒரு சரக்குப் பட்டியலாக எழுதி, அதிலிருந்து ஒரு நீண்ட எண்ணைக் கணக்கிடுவார்கள். எங்கோ ஓர் எழுத்து மாறினாலும் எண் மாறிவிடும். பொதி தங்கும் அடைவுக்கு அந்த எண்ணே பெயர். ஆகவே ஒருவரையொருவர் நம்பாத இரு பயனர்கள்கூட ஒரே கணினியில் ஒரே பொதியைப் பகிர்ந்துகொள்ளலாம். யார் கொண்டுவந்தார் என்பது பொருட்டல்ல. கொண்டுவந்த பொருளே தன்னை அடையாளம் காட்டும். ஏறத்தாழ அதே காலத்தில் நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் எல்கோ டோல்ஸ்ட்ரா நிக்ஸ் என்ற முறையை வகுத்தார். 2006இல் அது அவரது முனைவர் பட்ட ஆய்வேடாயிற்று. அங்கும் பெயருக்குள் எண் வந்தது. ஆனால் அவ்வெண் பெரும்பாலும் பொதியின் உள்ளடக்கத்திலிருந்து வருவதில்லை. அது எவற்றிலிருந்து எவ்வாறு ஆக்கப்பட்டது என்பதிலிருந்து கணக்கிடப்படுவது. குலமுறை கிளத்தும் பெயர் என்று சொல்லலாம்.

பெயரைக் குறித்து இவ்வளவு கவலை எதற்கு என்ற கேள்வி எழலாம். அதற்கு 2016 மார்ச் 22 விடை சொன்னது. ஜாவாஸ்கிரிப்ட் நிரலாளர்களின் மையக் களஞ்சியமான என்பிஎம்மில், அஸெர் கோச்சுலு என்பவர் கிக் என்ற பெயரில் ஒரு பொதி வைத்திருந்தார். அதே பெயருடைய நிறுவனம் பெயரைக் கேட்டது. அவர் மறுத்தார், களஞ்சியம் பெயரை நிறுவனத்துக்கு மாற்றித் தந்தது. அவர் சினந்து தம் பொதிகள் 273ஐயும் நீக்கிவிட்டார். அவற்றுள் ஒன்று லெஃப்ட்பேட். ஒரு சொல்லின் இடப்புறத்தை வெற்றிடத்தால் நிரப்பும் பதினோரு வரி நிரல். அதைச் சார்ந்திருந்த எண்ணற்ற நிரல்களை அன்று உருவாக்க முடியாமல் போயிற்று. சில மணி நேரத்தில் களஞ்சியமே அதை மீட்டுவைத்தது. பெயர் மையத்தின் சொத்து என்பதும், சார்பு என்ற சொல்லின் முழுப்பொருளும் அன்று பலருக்கு ஒருசேர விளங்கின.

ஆனால் மையமின்மைக்கும் அதன் துயரங்கள் உண்டு. இணைய முகவரி வாடகைக்கு எடுப்பது. வாடகை நின்றால் பெயர் பிறர் கைக்குப் போகும். கோப்பு மறைந்தும் போகலாம். கோ மொழியில் தொடக்கத்திலிருந்தே பொதியின் பெயர் முகவரிதான். இருந்தும் 2019இல் வெளியான அதன் 1.13 பதிப்பு முதல், கூகுள் நடத்தும் ஓர் இடைநிலைக் கிடங்கும் சார எண்களின் பொதுப்பேரேடும் இயல்பான வழிகளாயின. மையத்தை வாசலில் வழியனுப்பியவர்கள் கொல்லைப்புறத்தில் அதற்கு ஓர் இடம் ஒதுக்க வேண்டியிருந்தது. இதைக் கொள்கைத் தோல்வி என்று நான் கருதவில்லை. பெயர் வைப்பதும் பாதுகாத்து வைப்பதும் வெவ்வேறு வேலைகள் என்பதைக் காலம் பிரித்துக் காட்டியது, அவ்வளவே.

இதைவிடக் கடினமான பாடம் 2024இல் வந்தது. கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இஸட் என்ற நிரலை நெடுங்காலம் ஏறக்குறைய ஒரே ஒருவர் சம்பளமின்றிப் பராமரித்து வந்தார். ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் வந்து பொறுமையாக உதவி, நம்பிக்கை பெற்று, இணைப் பராமரிப்பாளரானார். பின் 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளுக்குள் ஒரு கள்ளவழியை ஒளித்துவைத்தார். ஒப்பம் முறையானது. சாவி உரியவருடையது. சார எண் பிழையின்றிப் பொருந்தியது. நாம் மேலே பார்த்த சொற்களில் ஒன்றுகூடத் தன் கடமையில் தவறவில்லை. ஆயினும் பொதிக்குள் நஞ்சு இருந்தது. இது அதே பொருள்தான் என்று டைஜஸ்ட் சொல்லும். நல்ல பொருள் என்று அதனால் சொல்ல முடியாது. இன்னார் அனுப்பியது என்று சாவி சொல்லும். அந்த இன்னார் எத்தகையவர் என்று சொல்லாது.

அதைக் கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற தரவுத்தள நிரலாளர். தம் கணினியில் தொலைவழி நுழைவுக்கு வழக்கத்தைவிட ஏறத்தாழ அரை நொடி கூடுதலாக ஆவதைக் கவனித்தார். அந்த அரை நொடியை அலட்சியம் செய்யாமல் தொடர்ந்து சென்று, 2024 மார்ச் 29 அன்று செய்தியை வெளியிட்டார். கள்ளப் பதிப்புகள் அப்போது டெபியனின் சோதனைக் கிளைகளை எட்டியிருந்தன. பெருவாரியானவர்கள் பயன்படுத்தும் நிலையான பதிப்பை எட்டவில்லை. டெபியன் தன் முதல் சொல்லாக ஏற்ற பராமரிப்பாளர் என்ற பதத்துக்குள் உட்கார்ந்து வாசிக்கும் ஒரு மனிதர் இருக்கிறார். களஞ்சியத்துக்கு மையம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அவர் வேலையைச் செய்துதரும் கலைச்சொல் இன்னும் அமையவில்லை.