ஏற்றுமதிக்கு அரச உதவி: எல்லாமே வட்டிக் கடன் அல்ல

அகுறணையிலும் மாத்தளையிலும் மிளகு, கராம்பு, சாதிக்காய் வியாபாரம் செய்யும் நம்மவர்கள் ஏராளம். அவர்கள் சேர்க்கும் சரக்கு வெளிநாடு போகிறது. ஆனால் பெரும்பாலும் வேறொருவரின் பெயரில் போகிறது. "நீங்களே அனுப்பினால் என்ன?" என்று கேட்டால், "அரசாங்க உதவி என்றால் வட்டிதானே, நமக்கு வேண்டாம்" என்ற பதிலையே நான் அதிகம் கேட்டிருக்கிறேன்.

வட்டியைத் தவிர்ப்பது சரியே. 2018இல் வந்த 'எண்டர்பிரைஸ் ஸ்ரீ லங்கா' போன்ற திட்டங்கள் வட்டிச் சலுகைக் கடன்கள்தான். ஆனால் கடன் அல்லாத உதவிகளும் உண்டு. அவற்றை நாம் கேட்டுப் போவதில்லை என்பதே என் கவலை.

முதலாவது, 1979ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த ஏற்றுமதி அபிவிருத்திச் சபை. புதிய ஏற்றுமதியாளருக்குப் பயிற்சி, சந்தைத் தகவல், கொள்வனவாளர் தொடர்பு ஆகியவற்றை இச்சபை வழங்குகிறது. துபாயின் கல்ஃபூட் போன்ற கண்காட்சிகளில் இலங்கைக் கூடத்தையும் அமைக்கிறது.

இரண்டாவது, ஏற்றுமதி விவசாயத் திணைக்களம். மிளகு, கராம்பு போன்ற பயிர்களை நடுவதற்கும், அறுவடைக்குப் பிந்திய பதப்படுத்தலுக்கும் மானியம் தருவது இத்திணைக்களமே.

திட்டங்களின் பெயரும் தொகையும் வரவு செலவுத் திட்டத்துக்கேற்ப மாறும். ஆனால் அவர்கள் கேட்கும் ஆவணங்கள் பெரிதாக மாறுவதில்லை. ஆகவே அறிவித்தல் வரும்வரை காத்திராமல் இவற்றைத் தயார் செய்யுங்கள்:

• பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர்ப் பதிவு, அல்லது 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டப்படி கம்பனிப் பதிவு

• உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் வரி செலுத்துநர் அடையாள இலக்கம்

• வியாபாரப் பெயரிலேயே வங்கிக் கணக்கு, ஒழுங்கான கணக்குப் பதிவு

• சுங்கத்திலும் ஏற்றுமதி அபிவிருத்திச் சபையிலும் பதிவு

ஐரோப்பாவின் ஜீ.எஸ்.பி. பிளஸ் வரிச்சலுகையைப் பெற நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். 6,000 யூரோவுக்கு மேற்பட்ட சரக்குக்கு 'ரெக்ஸ்' முறையில் பதிவுசெய்த ஏற்றுமதியாளராக இருக்கவேண்டும். அதனை வர்த்தகத் திணைக்களத்தில் செய்துகொள்ளலாம்.

மானியத்தில் பலர் சறுக்கும் இடமும் இதுதான். செலவில் ஒரு பங்கை மட்டும் தரும் திட்டங்களில் மீதியை நாமே போடவேண்டும். சில திட்டங்களில் நாம் முதலில் செலவழித்த பின்னரே பணம் திரும்பக் கிடைக்கும். பற்றுச்சீட்டு இல்லாமல் வாய்வார்த்தையில் வியாபாரம் செய்பவருக்கு அது கிடைக்காது.

விருதுகளும் அப்படியே. 1981 முதல் வழங்கப்படும் ஜனாதிபதி ஏற்றுமதி விருது வெறும் மேடைக் கௌரவம் அல்ல. முன்பின் அறியாத வெளிநாட்டுக் கொள்வனவாளர் நம்மை நம்புவதற்கு ஓர் ஆதாரம். ஆனால் விருது போவது ஆவணத்தில் உள்ள பெயருக்கே. சரக்கு நம்முடையதாகவும் பெயர் இன்னொருவருடையதாகவும் இருக்கும்வரை நாம் கணக்கில் இல்லை.

பள்ளிவாசல் நிர்வாகங்களுக்கும் ஊர் வர்த்தக சங்கங்களுக்கும் என் வேண்டுகோள் இது: மாதத்தில் ஒரு நாள் ஜும்ஆவுக்குப் பின் ஒரு மேசை போட்டு, படிவம் நிரப்பத் தெரிந்த இரண்டு இளைஞர்களை அமர்த்துங்கள். சிபாரிசுக் கடிதம் தேடி அரசியல்வாதியின் வாசலில் நிற்பதைவிட இது இன்ஷா அல்லாஹ் அதிகப் பயன் தரும்.