கேரள எல்லைத் தமிழ்த் தொழிலாளரின் ஓய்வுக்காலப் பாதுகாப்பு

கேரள எல்லைத் தமிழ்த் தொழிலாளரின் ஓய்வுக்காலப் பாதுகாப்பு என்பது, பாலக்காடு மாவட்டத்தின் வேலந்தாவளம், சித்தூர்ப் பகுதிகளிலும் இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், பீர்மேடு, உடும்பஞ்சோலை வட்டங்களிலும் வாழும் தமிழ் பேசும் உழவுத் தொழிலாளரும் தோட்டத் தொழிலாளரும் உழைக்கும் வயதைக் கடந்தபின் பெறும் பணிக்கொடை, வைப்பு நிதி, ஓய்வூதியம், குடியிருப்பு ஆகியவற்றைக் குறிக்கும். முதல் மூன்றும் பணம் சார்ந்தவை. ஆயினும் அந்தப் பணம் முதுமைக்கு உதவுமா அல்லது வீடு தேடுவதிலேயே கரைந்துபோகுமா என்பதை நான்காவதாகிய குடியிருப்பே தீர்மானிக்கிறது. எனவே தோட்டப் பகுதிகளில் முதுமையின் மதிப்பை ஓய்வூதியத் தொகையை மட்டும் கொண்டு அளவிட இயலாது.

பின்புலம்

இவ்விரு பகுதிகளும் வெவ்வேறு வழிகளில் கேரளத்தைச் சேர்ந்தவை. பாலக்காட்டின் பெரும்பகுதி சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தும், சித்தூர் முன்னாள் கொச்சி அரசின் பகுதியாக இருந்தும், 1956ஆம் ஆண்டின் மாநிலச் சீரமைப்பில் கேரளத்துடன் இணைந்தன. தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூரின் பகுதிகளாக இருந்து, தமிழகத்துடன் இணைக்கக் கோரிய போராட்டத்தையும் மீறிக் கேரளத்திலேயே நீடித்தன. கோயம்புத்தூர்ச் சாலையில் எல்லைச் சோதனைச் சாவடியைக் கொண்ட வேலந்தாவளம், தென்னந்தோப்புகளும் கள் இறக்கும் தொழிலும் மிகுந்த சித்தூர் வட்டத்தின் சமவெளி ஊராகும். இடுக்கியின் மலைகளிலோ, 1877இல் பூஞ்ஞாறு அரச குடும்பத்திடம் ஜான் டேனியல் மன்றோ கண்ணன்தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்ற பிறகு பெருந்தோட்டங்கள் தோன்றின. திருநெல்வேலி, மதுரைச் சீமைகளிலிருந்து கங்காணிகள் வழியாகக் கொண்டுவரப்பட்ட குடும்பங்களின் வழித்தோன்றல்களே இன்றைய தோட்டத் தொழிலாளரில் பெரும்பகுதியினர்.

முதுமையைப் பொறுத்தவரை இவ்விரு நிலங்களையும் பிரித்தது நிலச் சீர்திருத்தமாகும். 1970 ஜனவரி 1 முதல் முழு அளவில் நடைமுறைக்கு வந்த கேரள நிலச் சீர்திருத்தம், பிறர் நிலத்தில் குடிசை போட்டு வாழ்ந்த குடிகிடப்புக்காரர்களுக்கு ஊராட்சிப் பகுதிகளில் 10 சென்ட் வரை நிலத்தைச் சொந்தமாக்கிக்கொள்ளும் உரிமையை வழங்கியது. ஆனால் பெருந்தோட்டங்களுக்கு அந்தச் சட்டம் விலக்களித்திருந்ததால், தலைமுறைகளாக லயங்கள் எனப்படும் தோட்டக் குடியிருப்புகளில் வாழ்ந்தவர்களுக்கு அவ்வுரிமை எட்டவில்லை. சமவெளியில் கூலி வேலை செய்து மூப்படைந்தவருக்கு ஒரு குடிசையடி நிலமாவது எஞ்சியிருக்க, மலையில் அதே கூலி வாழ்க்கை வாழ்ந்தவருக்கு அது எஞ்சாமற்போனமைக்கு இதுவே வேர்.

சமவெளியில் ஓய்வூதியம்

முறைசாராத் தொழிலாளருக்கு அரசே மாத ஓய்வூதியம் வழங்கும் ஏற்பாட்டில் தமிழகமும் கேரளமும் முன்னோடிகள். தமிழகம் 1962இல் மாதம் 20 ரூபாய் முதியோர் உதவித்தொகையைத் தொடங்கியது; கேரளம் 1980இல் 60 வயதைக் கடந்த உழவுத் தொழிலாளருக்கு மாதம் 45 ரூபாய் வழங்கத் தொடங்கியது. கள் இறக்குவோருக்கு 1969ஆம் ஆண்டின் சட்டப்படி தனி நலநிதி அமைந்தது. கேரளத்தின் நல ஓய்வூதியம் 2021இல் 1,600 ரூபாயாகவும், 2025இன் இறுதியில் 2,000 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது.

தொகையைவிட அது வந்து சேரும் விதத்திற்கும் ஓய்வுக்கால மதிப்பில் பங்குண்டு. வங்கிக் கணக்கை நாடாத முதியோருக்குக் கூட்டுறவுச் சங்க ஊழியர்கள் வீட்டிற்கே வந்து பணத்தைக் கையளிக்கும் முறையைக் கேரளம் கடைப்பிடிக்கிறது. நடக்க இயலாதவர் எவர் தயவையும் நாடாமல் தம் பணத்தைத் தாமே எண்ணி வாங்கிக்கொள்ள இது வழிசெய்கிறது. அதே வேளையில், பயனாளி உயிருடன் உள்ளார் என்பதை அரசின் இணையச் சேவை மையமான அக்ஷயாவில் கைரேகை வைத்து உறுதிசெய்யும் ‘மஸ்டரிங்’ நடைமுறை, ஆயுள் முழுவதும் மண்வெட்டி பிடித்துத் தேய்ந்த விரல்களுக்கு இடர் தருவதும் உண்டு. எல்லையின் இருபுறமும் உறவும் வேலையும் கொண்ட வேலந்தாவளம் போன்ற ஊர்களில், குடும்ப அட்டை எந்த மாநிலத்தில் உள்ளதோ அந்த மாநிலத்தின் உதவிக்கே முதியவர் உரியவராவதால், ஆவணமே முதுமையின் முதல் சொத்தாகிறது.

தோட்டத்தில் பணிக்கொடையும் ஓய்வூதியமும்

தோட்டத் தொழிலாளர் முறைசார்ந்த தொழிலாளராகக் கருதப்படுவதால் அவர்களுக்கான ஏற்பாடு வேறானது. பணிக்கொடை என்பது, குறைந்தது 5 ஆண்டுகள் தொடர்ந்து பணியாற்றியவருக்கு, பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டிற்கும் 15 நாள் ஊதியம் என்ற கணக்கில், வேலையைவிட்டு நீங்கும்போது முதலாளி ஒரே தொகையாகக் கொடுக்க வேண்டிய பணமாகும். 1972ஆம் ஆண்டின் சட்டத்தில் பிறந்த இவ்வுரிமை பின்னர் 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. நாள் கூலி 400 ரூபாய் என்று கொண்டால், 35 ஆண்டுகள் கொழுந்து எடுத்த பெண்ணுக்கு உரிய பணிக்கொடை 2,10,000 ரூபாய் ஆகும்; வீடில்லாத ஒருவர் வீட்டுமனை வாங்கி வீடும் கட்ட இது போதாது என்பது வெளிப்படை.

வைப்பு நிதியில் முதலாளி செலுத்தும் பங்கிலிருந்து ஊதியத்தின் 8.33 விழுக்காடு, 1995 நவம்பர் 16 அன்று தொடங்கிய தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்திற்குச் செல்கிறது. 10 ஆண்டுகள் பணியாற்றியவருக்கு 58 வயதில் கிடைக்கும் இந்த ஓய்வூதியம், இறுதி 60 மாதங்களின் சராசரி ஊதியத்தைப் பணியாண்டுகளால் பெருக்கி 70ஆல் வகுத்துக் கணக்கிடப்படுகிறது. சராசரி 10,500 ரூபாயும் பணிக்காலம் 18 ஆண்டுகளும் ஆயின் மாதம் 2,700 ரூபாய் வரும். கூலி குறைவாக இருந்த காலத்தில் ஓய்வு பெற்றோரில் பலருக்குக் கிடைப்பது இதனினும் மிகக் குறைவு. 2014 செப்டம்பரில் வகுக்கப்பட்ட குறைந்தபட்சத் தொகை 1,000 ரூபாய் மட்டுமே. பங்களிப்பே இல்லாத மாநில நல ஓய்வூதியம் 2,000 ரூபாயை எட்டியுள்ள நிலையில், ஊதியத்தில் ஒரு பகுதி பல்லாண்டுகள் நிதிக்குச் செலுத்தப்பட்டவர் அதனிற் பாதியைப் பெறக்கூடும் என்பது இந்திய ஓய்வூதிய முறையின் வெளிப்படையான முரண்பாடுகளுள் ஒன்று.

2015 செப்டம்பரில் போனஸ் குறைப்பை எதிர்த்து மூணாறில் பெண் தொழிலாளர் தொடங்கிய ‘பெம்பிளை ஒருமை’ போராட்டம் நாள் கூலிக்கானதாகவே நினைவுகூரப்படுகிறது. எனினும் பணிக்கொடை, ஓய்வூதியம் இரண்டுமே ஊதியத்தின் மடங்குகளாகக் கணக்கிடப்படுவதால், 232 ரூபாயிலிருந்து 301 ரூபாயாகக் கூலியை உயர்த்தச் செய்த அந்தப் போராட்டத்தைப் பின்னாளில் ஓய்வு பெறுவோருக்கானதாகவும் கொள்ள வேண்டும்.

லயமும் முதுமையும்

லயம் என்பது, தோட்ட உரிமையாளர் தொழிலாளருக்கெனக் கட்டிக்கொடுத்த, ஒரே கூரையின்கீழ் வரிசையாக அமைந்த சிறு வீடுகளின் தொகுதி. 1951ஆம் ஆண்டின் பெருந்தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு கொடுப்பதை முதலாளியின் கடமையாக்கியது. ஆனால் அவ்வீடு வேலையுடன் பிணைக்கப்பட்டது, வேலை முடிந்தால் காலிசெய்ய வேண்டியது. முதல் தலைமுறையினர் ஓய்வு பெற்றதும் ஊர் திரும்பினர். மூன்றாம், நான்காம் தலைமுறையினருக்குத் திரும்பிச் செல்ல ஊர் இல்லாததால், மகனோ மகளோ மருமகளோ தோட்டத்தின் பேரேட்டில் தொழிலாளராகப் பெயர் பதிந்து வீட்டைத் தக்கவைப்பது வழக்கமாயிற்று. பெற்றோரின் முதுமைக்குப் பிள்ளையின் படிப்போ வெளியூர் வேலையோ விலையாகும் இந்த ஏற்பாட்டைக் குடும்பப் பாசம் என்று மட்டும் கூறிக் கடந்துவிட முடியாது. 2020 ஆகஸ்ட் 6 இரவு ராஜமலையை அடுத்த பெட்டிமுடியில் நிலச்சரிவு லயங்களை மூடி 70 பேரைப் பலிகொண்டபோது, பல தலைமுறையினர் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்த இக்குடியிருப்புகளின் நிலை வெளியுலகின் பார்வைக்கு வந்தது.

தோட்டம் மூடப்படும்போது இச்சிக்கல் மேலும் கூர்மையாகிறது. தேயிலை விலை வீழ்ந்து 2000ஆம் ஆண்டையொட்டிப் பீர்மேட்டில் சில தோட்டங்கள் கைவிடப்பட்டபோது, பணிக்கொடையைப் பெறாத தொழிலாளர் லயத்தைவிட்டு வெளியேறவில்லை. வெளியேறினால் நிலுவையைக் கேட்பதற்குக் கைப்பிடி ஏதும் இராது. பீர்மேட்டுத் தோட்டக் குடும்பமொன்றில் பிறந்த மானிடவியலாளர் ஜெயசீலன் ராஜ், 2022இல் வெளியான தமது ஆங்கில நூலில் இந்த நெருக்கடி தலித் தொழிலாளர் வாழ்வைச் சிதைத்த விதத்தை விரிவாக ஆராய்ந்துள்ளார். தமிழகத்தின் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்திலும், 1929இல் தொடங்கிய 99 ஆண்டுக் குத்தகை 2028இல் முடிவதற்கு முன்பாகவே, 2024இல் நிறுவனம் தொழிலாளருக்கு விருப்ப ஓய்வை முன்வைத்தபோது, வேலை முடிவதும் வீடு பறிபோவதும் ஒரே நிகழ்வாகவே அமைந்தன.

தோட்டம் மூடப்பட்டதால் 10 ஆண்டுப் பணிக்காலத்தை எட்டாதவருக்கு வைப்பு நிதி ஓய்வூதியம் கிடையாது. கேரளத்தின் முதியோர் ஓய்வூதியத்திற்கு 60 வயது நிறைய வேண்டும். அதுவரை அவருக்குச் சட்டம் உறுதிசெய்யும் மாத வருவாய் எதுவுமில்லை.