ஒரே கரண்டி, இரண்டு மருந்து

ஒரு படி அரிசியை அளந்து எடை போடுங்கள். பிறகு அதே படியில் அவலை அளந்து எடை போடுங்கள். படி ஒன்றுதான், ஆனால் எடை ஒன்றாக இராது. இது நம் வீடுகளில் எல்லாரும் அறிந்த செய்தி. முகத்தலளவை ஒரு பொருள் எவ்வளவு இடத்தை அடைத்துக்கொள்கிறது என்பதைத்தான் காட்டும். அதன் எடையைக் காட்டாது. அதனுள் அடங்கிய ஆற்றலை அறவே காட்டாது.

அரிசியிலும் அவலிலும் இதை மறந்தால் சோறு குழையும், அவ்வளவுதான். வெடிமருந்தில் மறந்தால்? பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவில் பலர் இதை மறந்தனர். பழைய கரண்டியில் புதிய மருந்தை அளந்தனர். துப்பாக்கிகள் பிடித்த கையிலேயே வெடித்துச் சிதறின. அந்தக் கதையையும், அதற்குள் இருக்கும் வேதியியலையும் இங்கே காண்போம்.

வீட்டில் நிரப்பிய தோட்டா

சுழலும் உருளையில் பல அறைகளைக் கொண்ட ரிவால்வருக்கு சாமுவேல் கோல்ட் என்பவர் 1836ஆம் ஆண்டு அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். அன்று அதற்கு உலோகத் தோட்டா இல்லை. ஒவ்வோர் அறையிலும் மருந்தைக் கொட்டி, ஈயக் குண்டை அழுத்தி, பின்புறம் கேப்பைச் செருக வேண்டும். 1857இல் ஸ்மித் அண்டு வெஸ்ஸன் நிறுவனம் உலோகத் தோட்டாவால் இயங்கும் ரிவால்வரை வெளியிட்டது. குண்டு, மருந்து, பற்றவைக்கும் பொருள் மூன்றும் ஒரே உலோக உறைக்குள் அடங்கிவிட்டன.

சுட்ட பிறகு குண்டு போய்விடுகிறது, மருந்தும் எரிந்துவிடுகிறது. எஞ்சுவது உறை. தோட்டாவில் விலை மிகுந்த பகுதியும் அந்த உறைதான். அதை எறிந்துவிட யாருக்கு மனம் வரும்? ஆனால் முதலில் வந்த தோட்டாக்களில் பற்றவைக்கும் பொருள் உறையின் அடி விளிம்பின் மடிப்புக்குள் இருந்தது. சுத்தியல் பட்டதும் விளிம்பு நசுங்கிவிடும். அதை மறுபடி பயன்படுத்த வழியில்லை. பின்னர் உறையின் அடியில், நடுவே, ஒரு சிறு கேப்பைத் தனியாகப் பதிக்கும் முறை வந்தது. பழைய கேப்பைத் தள்ளிவிட்டுப் புதியதைப் பதித்தால் உறை மீண்டும் உயிர் பெறும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1866ஆம் ஆண்டில் இருவர் இருவகைக் கேப்புகளுக்குக் காப்புரிமை பெற்றனர். ஒருவர் அமெரிக்கரான பெர்டான். மற்றவர் ஆங்கிலேயரான பாக்ஸர். பாக்ஸர் முறையில் உறையின் அடியில் நடுவே ஒரே துளை இருக்கும். மெல்லிய கம்பியால் பழைய கேப்பை எளிதில் தட்டி எடுத்துவிடலாம். ஆங்கிலேயரின் இம்முறை அமெரிக்காவில் நிலைத்தது. அமெரிக்கரின் முறையோ ஐரோப்பாவில் நிலைத்தது! மக்கள் வீட்டில் தோட்டா நிரப்பிய நாட்டுக்கு எது ஏற்றதோ அதுவே அங்கு வேரூன்றியது.

1873இல் கோல்ட் நிறுவனத்தின் புகழ்பெற்ற 45 ரிவால்வர் வந்தது. மேற்குப் பகுதியில் கடைக்குப் போய்வர நாள்கணக்கில் ஆகும். ஆகவே மாலை நேரத்தில் அடுப்பருகே அமர்ந்து, ஈயத்தை உருக்கி அச்சில் வார்த்து, உறைகளில் மருந்தை நிரப்பிக்கொள்வது வழக்கமாயிற்று. 1884இல் ஜான் பார்லோ என்பவர் தொடங்கிய ஐடியல் நிறுவனம் இதற்கென்றே இடுக்கி போன்ற கைக்கருவிகளைச் செய்து விற்றது. மருந்தை அளக்கத் தராசு தேவைப்படவில்லை. ஒரு சிறு கரண்டி போதும். முகந்து, தலைதட்டி, உறைக்குள் கொட்டுவார்கள்.

உறையே காவல்

தராசு இல்லாமல் எப்படிப் பிழைத்தார்கள்? அவர்கள் பயன்படுத்தியது கருமருந்து. வெடியுப்பு, கரி, கந்தகம் ஆகிய மூன்றின் கலவை அது. கரியும் கந்தகமும் எரிபொருள்கள். அவை எரிவதற்கான ஆக்சிஜனை வெடியுப்பு தருகிறது. 45 ரிவால்வரின் உறை சுமார் 40 கிரெயின், அதாவது 2.6 கிராம் கருமருந்து கொள்ளும்படி வடிவமைக்கப்பட்டது. ஒரு கிரெயின் என்பது நம் குன்றிமணி எடையில் ஏறத்தாழப் பாதி. உறையை நிரப்பினால் அதுவே உரிய அளவு. அதற்கு மேல் போட நினைத்தாலும் இடம் இராது. தவறு செய்ய முடியாதபடி உறையே காவல் நின்றது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்று தேர்ந்தெடுக்க வேண்டியது மருந்துப் பொடியின் பருமனை மட்டுமே. விறகுக் கட்டையையும் சுள்ளியையும் நினைத்துப் பாருங்கள். இரண்டும் மரம்தான். ஆனால் சுள்ளி சட்டென்று எரிந்து தீர்கிறது. கட்டை நின்று எரிகிறது. ஒரே எடைக்குச் சுள்ளியில் வெளிப்பரப்பு அதிகம். எரிதல் பரப்பில்தான் நிகழ்கிறது. பீரங்கிக்குப் பெரிய கட்டிகளும், நீண்ட துப்பாக்கிக்கு நடுத்தரப் பொடியும், குழல் குட்டையான ரிவால்வருக்கு நுண்பொடியும் பொருந்தியதன் காரணம் இதுவே.

கருமருந்தின் பெருங்குறை அதன் புகை. தீபாவளி இரவில் தெருவை மூடும் புகையை நீங்கள் அறிவீர்கள். கருமருந்து எரியும்போது அதன் எடையில் பாதிக்குமேல் வாயுவாக மாறுவதில்லை. பொட்டாசியம் கார்பனேட், பொட்டாசியம் சல்பேட் போன்ற திடப்பொருள்களாகவே எஞ்சுகிறது. அவற்றில் ஒரு பகுதி வெண்புகையாகக் கிளம்பிக் கண்ணை மறைக்கும். மறுபகுதி குழலுக்குள் படிந்து, காற்றின் ஈரத்தை உறிஞ்சி, இரும்பைத் துருப்பிடிக்கச் செய்யும். சில முறை சுட்டதும் ரிவால்வரின் உருளை சுழல மறுக்கும்.

பஞ்சு தந்த மருந்து

1846இல் ஷோன்பைன் என்ற வேதியியலார் பஞ்சை அமிலங்களில் தோய்த்து வெடிபஞ்சைக் கண்டறிந்தார். இன்று இதை நைட்ரோ செல்லுலோஸ் என்கிறோம். எரிபொருளும் ஆக்சிஜனும் இங்கே தனித்தனிப் பொடிகள் அல்ல. ஒரே மூலக்கூறில் அமைந்தவை. எரிந்தால் ஏறக்குறைய முழுவதும் வாயுவாகிவிடும். சாம்பலோ புகையோ மிகக் குறைவு.

உலகம் மகிழ்ந்தது. ஆனால் அடுத்த ஆண்டே, 1847 ஜூலையில், இங்கிலாந்தின் ஃபேவர்ஷாம் நகரில் வெடிபஞ்சு ஆலை வெடித்துப் பலர் மாண்டனர். 1848இல் பிரான்சின் லெ பூஷே ஆலையிலும் அதே கதை. காரணங்கள் இரண்டு. முதலாவது, இழைகளுக்குள் தங்கிய அமிலம் பஞ்சை மெல்ல மெல்லச் சிதைத்தது. இரண்டாவது, பஞ்சு துளைகள் நிறைந்தது. தீ ஒரே சமயத்தில் எல்லாத் துளைகளுக்குள்ளும் பாய்ந்துவிடும்.

முதல் குறையை 1865இல் ஆங்கிலேயரான ஃபிரெடரிக் ஏபல் தீர்த்தார். பஞ்சைக் கூழாக அரைத்துக் கழுவினால் அமிலம் நீங்கும் என்று காட்டினார். இரண்டாம் குறையை 1884இல் பிரெஞ்சு வேதியியலார் பால் வியேய் தீர்த்தார். வெடிபஞ்சைக் கரைப்பானில் களியாக்கி, தகடாக உருட்டி, துண்டுகளாக நறுக்கி உலர்த்தினார். இப்போது துளையே இல்லை. வெங்காயம் தோல் தோலாக உரிவது போல அந்தத் துண்டு வெளிப்பரப்பிலிருந்து அடுக்கடுக்காக எரிந்தது. தகட்டின் தடிமனை மாற்றினால் எரியும் வேகம் மாறும். வேகம் மனிதனின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. 1887இல் ஆல்பிரட் நோபல் பாலிஸ்டைட்டை உருவாக்கினார். 1889இல் ஏபலும் டிவாரும் கயிறு போன்ற வடிவில் கார்டைட்டை உருவாக்கினர்.

கரண்டி செய்த பிழை

புகையிலா மருந்து 1890களில் அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது. வீட்டில் தோட்டா நிரப்புவோர் வாங்கிச் சென்றனர். அவர்கள் கையில் இருந்ததோ பழைய கரண்டி.

ஒரு கிராம் புகையிலா மருந்து தரும் வாயு, ஒரு கிராம் கருமருந்து தருவதைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு. இதற்கும் மேலான ஓர் ஆபத்து உண்டு. இம்மருந்தின் எரியும் வேகம் சுற்றியுள்ள அழுத்தத்தோடு உயர்கிறது. வேகம் உயர்ந்தால் அழுத்தம் இன்னும் உயர்கிறது. அழுத்தம் உயர்ந்தால் வேகம் இன்னும் உயர்கிறது. ஆகவே மருந்தை இரு மடங்காக்கினால் அழுத்தம் இரு மடங்கோடு நிற்காது. மறந்துவிட்ட ஒரு கரண்டி, உருளையைப் பிளந்துவிடும்.

தயாரிப்பாளர்கள் இந்த ஆபத்தை உணராமல் இல்லை. சிலர் மருந்தையே பொரி போல உப்பச் செய்தனர். பழைய கரண்டியால் அளந்தாலும் உரிய வலிமையே கிடைக்கும்படி அதன் அடர்த்தியைக் குறைத்தனர். 1893இல் டூபாண்ட் நிறுவனம் வெளியிட்ட மருந்து இவ்வகையைச் சேர்ந்தது. ஆனால் அதே கடையில் அடர்த்தி மிகுந்த புகையிலா மருந்துகளும் விற்றன. இரண்டும் ‘புகையிலா மருந்து’ என்றே பெயர் பெற்றன. அவலையும் அரிசியையும் ஒரே பெயரில் விற்றால் என்ன ஆகும்? ஒன்றுக்குச் சரியான கரண்டி மற்றொன்றுக்கு எமனாயிற்று.

உறை செய்த சூழ்ச்சி

பிரிட்டிஷார் வேறு வழியில் சென்றனர். தங்கள் 455 ரிவால்வர் தோட்டாவில் கார்டைட்டைப் புகுத்திய பின், மருந்து குறைந்ததற்கேற்ப 1897இல் உறையையும் குட்டையாக்கினர். அமெரிக்கர்கள் அப்படிச் செய்யவில்லை. கருமருந்துக் காலத்து நீண்ட உறை அப்படியே தொடர்ந்தது. 1898 வாக்கில் பிறந்த 38 ஸ்பெஷல் தோட்டாவும் அத்தகையதே. அதே 1898இல் லாஃப்லின் அண்டு ராண்ட் நிறுவனம் ‘புல்ஸ் ஐ’ என்ற விரைமருந்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஒரு நூற்றாண்டுக்கும் மேல் நிலைத்த பெயர் அது.

அத்தகைய மருந்து நீண்ட உறையின் அடியில் ஒரு சிட்டிகையாகக் கிடக்கும், மீதியெல்லாம் வெற்றிடம். கவனம் சிதறி அதே உறையில் இரண்டாம் முறை கொட்டிவிட்டாலும் மருந்து வழியாது. கண்ணுக்கும் எளிதில் தெரியாது. கருமருந்துக் காலத்தில் காவல் நின்ற அதே உறை, இப்போது பிழையை மறைக்கும் இருட்டறை ஆகிவிட்டது! உறையின் வடிவம் மாறவில்லை. உள்ளே வைத்த பொருள் மாறிவிட்டது.

துப்பாக்கிகளும் மாற வேண்டியிருந்தது. பழைய ரிவால்வர்களின் உருளைகள் கருமருந்தின் அழுத்தத்தை மட்டும் எண்ணிச் செய்யப்பட்டவை. தன் 1873 மாதிரி ரிவால்வர் புகையிலா மருந்தைத் தாங்கும் என்று கோல்ட் நிறுவனம் உறுதி கூறியது 1900ஆம் ஆண்டில்தான்.

பொருந்தும் மருந்து, பொருந்தா மருந்து

‘அப்படியானால் எது நல்ல மருந்து?’ என்று நீங்கள் கேட்கலாம். அப்படி ஒன்று இல்லை. நீண்ட குழல் துப்பாக்கியில் குண்டு நகர நகர அதன் பின்னால் நின்று எரிந்து தள்ளும் மெதுமருந்து வேண்டும். ரிவால்வரின் குழலோ சில அங்குலமே. குண்டு ஏறத்தாழ ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் வெளியேறிவிடும். அங்கே மெதுமருந்தின் பெரும்பகுதி குழலுக்கு வெளியே தீக்கொழுந்தாக வீணாகும். மாறாக, ரிவால்வருக்கான விரைமருந்தை நீண்ட துப்பாக்கியின் அளவுக்குப் போட்டால், குண்டு நகரும் முன்பே அழுத்தம் எல்லை மீறிவிடும். இரண்டும் பார்வைக்கு ஒரே சாம்பல் நிறத் துணுக்குகள். கண் எதையும் சொல்லாது.

இந்த அனுபவத்திலிருந்துதான் சட்டம் அனுமதிக்கும் நாடுகளில் தோட்டா நிரப்புவோரின் விதிகள் பிறந்தன: மருந்தைச் சீட்டு ஒட்டிய அதன் சொந்தக் கலத்திலேயே வைத்திருக்க வேண்டும், பெயர் தெரியாத மருந்தைத் தொடக்கூடாது, இரண்டைக் கலக்கக் கூடாது, தயாரிப்பாளர் சோதித்து வெளியிட்ட அட்டவணையை மீறக் கூடாது, தராசை நம்ப வேண்டும். ஒவ்வொரு விதிக்குப் பின்னாலும் சிதறிய துப்பாக்கி ஒன்று உண்டு.

சேமிப்பிலும் ஒரு பாடம் இருந்தது. பிரெஞ்சுப் போர்க்கப்பல்களான ஈயேனா 1907இலும், லிபர்த்தே 1911இலும் தூலோன் துறைமுகத்தில் வெடித்தன. கப்பலில் சேமித்த மருந்து நாளடைவில் தானே சிதைந்ததே காரணம் எனக் கண்டனர். சிதைவில் தோன்றும் நைட்ரஜன் ஆக்சைடுகளைப் பிடித்துக்கொள்ளும் டைஃபீனைல் அமீன் போன்ற நிலைப்படுத்திகளைச் சேர்ப்பது பின்னர் வழக்கமாயிற்று.

இக்கதையில் நமக்கும் பங்குண்டு. மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு மலை ரயிலில் சென்றவர்கள் அரவங்காடு நிலையத்தைக் கண்டிருப்பார்கள். அங்குள்ள கார்டைட் தொழிற்சாலை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிறுவப்பட்டது. 2021 முதல் அது மியூனிஷன்ஸ் இந்தியா என்ற அரசு நிறுவனத்தின் கீழ் உள்ளது. நம் நாட்டில் உரிமமின்றித் தோட்டா தயாரிப்பதை 1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டம் தடை செய்கிறது. இதுவரை படித்ததற்குப் பின் அந்தத் தடை ஏன் என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

பழைய கரண்டி முற்றிலும் மறைந்துவிடவும் இல்லை. அமெரிக்காவில் விற்கும் வேட்டைத் தோட்டாப் பெட்டிகளில் ‘டிராம் சமம்’ என்ற அளவு அச்சிடப்படுவதுண்டு. இத்தனை டிராம் கருமருந்து தரும் விசைக்கு இது ஈடு என்பது அதன் பொருள். உள்ளே கருமருந்து ஒரு பொடிகூட இராது. பொருள் போன பின்னும் அளவு மட்டும் நிற்கிறது!

அளவை என்பது ஒரு பொருளைப் பற்றி மனிதர் செய்துகொண்ட உடன்பாடு. பொருள் மாறும்போது உடன்பாட்டையும் புதுப்பிக்க வேண்டும். அடுத்த முறை வீட்டில் படியைக் கையில் எடுக்கும்போது, அளக்கப் போவது அரிசியா, அவலா என்று ஒரு கணம் பாருங்கள். அறிவியல் தொடங்குவது அந்தக் கணத்தில்தான்.