மூலை வீட்டு மதில்

எங்கள் வீடு மூலை வீடு. இரண்டு வீதிகள் செங்கோணமாக வெட்டிக்கொள்ளும் இடம். புதுச்சேரியில் இப்படிப்பட்ட மூலைகளுக்குப் பஞ்சமே கிடையாது. 1693-இல் ஊரைப் பிடித்த டச்சுக்காரர்கள், 1699-இல் திருப்பிக் கொடுப்பதற்குள், நூல் பிடித்தாற்போல் நேர் வீதிகளாகப் படம் போட்டு வைத்துவிட்டார்கள். பிரெஞ்சுக்காரர்களும் அதையே தொடர்ந்தார்கள். 1761-இல் ஆங்கிலேயர் ஊரைத் தரைமட்டமாக்கினார்கள். நாலு வருஷம் கழித்து மறுபடி கட்டியபோதும் பெரும்பாலும் பழைய கோடுகள்தான்.

நேர் வீதி பார்க்க அழகு. தொல்லை மூலையில்தான். வளைந்த தெருவில் வண்டிக்காரன் தானாகவே மெதுவாகப் போவான். நேர் வீதியில் வேகமாக வந்து, மூலையைத் தொட்ட பிறகுதான் குறுக்கே வருகிறவனைப் பார்ப்பான். மணிக்கு 30 கிலோமீட்டர் என்றால் ஒரு நொடியில் 8 மீட்டர் ஓடிவிடும்.

நான் படித்தது பிரெஞ்சுப் பள்ளியில். 'ப்ரியோரித்தே ஆ துருவாத்', அதாவது வலப்பக்கம் வருபவருக்கே முதல் வழி என்று எங்கள் ஆசிரியர் கரும்பலகையில் படம் போட்டுக் காட்டுவார். சைக்கிளும் மாட்டு வண்டியும் போன ஊரில் அது எங்களுக்கு வேடிக்கையாக இருந்தது. போலீஸ் இல்லாத சந்திப்புக்கு இந்தியாவின் 1989-ஆம் ஆண்டு சாலை விதியும் ஏறக்குறைய அதையேதான் சொன்னது. வழி விட வேண்டுமானால் முதலில் ஆள் தெரிய வேண்டுமே!

பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே, வெள்ளையர் பகுதியில், மதில்கள் வீதி ஓரம் வரை வந்து நிற்கும். தமிழர் வீதிகள் அப்படி இல்லை. வாசலில் திண்ணை, அதற்கு முன்னால் மரத்தூண் வைத்த தாழ்வாரம். வழிப்போக்கர் மழைக்கு ஒதுங்கவும் வெயிலுக்கு உட்காரவும் ஏற்பட்டது அது. தூண்களுக்கு நடுவே பார்த்தால் குறுக்கு வீதியில் வரும் வண்டி முன்கூட்டியே தெரிந்துவிடும். போதாததற்குத் திண்ணையில் யாராவது ஒரு தாத்தா உட்கார்ந்திருப்பார். "டேய், வண்டி வருது, நில்லு!" அவர்தான் எங்கள் சிக்னல்.

1987-இல் வீட்டை இடித்துக் கட்டினேன். திண்ணையில் சீட்டாடுகிறவர்கள் தொல்லை, ஸ்கூட்டர் நிறுத்த இடம் வேண்டும், இப்படி ஆயிரம் காரணம். தாழ்வாரத்தை எடுத்துவிட்டு, என் எல்லைக்கோடு வரை ஏழு அடி மதில் எழுப்பினேன். எல்லாம் சட்டப்படிதான், குமாஸ்தாவாயிற்றே, கோப்பில் ஒரு காகிதம் குறையவில்லை. அம்மா மட்டும் வாசலில் நின்று, "எங்கடா தெருவையே காணோம்?" என்றார்.

போன வருஷம் ஒரு நாள் சாயங்காலம், சைக்கிளில் வந்த பள்ளிக்கூடப் பெண் அந்த மூலையில் ஒரு ஸ்கூட்டரில் மோதி விழுந்தாள். முழங்கை எலும்பு முறிந்தது. ஸ்கூட்டர் பையனைப் பிடித்துச் சத்தம் போட்டேன். அவன் நடுங்கிக்கொண்டே, "பெரியவரே, உங்க மதிலுக்குப் பின்னாடி எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்றான். வாயை மூடிக்கொண்டேன்.

பார்சிலோனா நகருக்கு 1859-இல் திட்டம் போட்ட செர்தா என்ற பொறியாளர், மூலைக் கட்டடங்கள் அத்தனையையும் சாய்வாக வெட்டிவிடச் சொன்னார். வண்டி திரும்பவும் வேண்டும், எதிரே வருவது தெரியவும் வேண்டும். பிரெஞ்சில் இதற்கு 'பான் கூப்பே' என்று பெயர். நம் ஊரிலேயே 2000-களின் தொடக்கத்தில், ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் திட்டத்தில் வைசியாள் வீதியின் பழைய முகப்புகளைச் சீர் செய்தார்கள். அந்தத் தாழ்வாரங்களைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். இடித்ததைத் திருப்பிக் கட்ட என் ஓய்வூதியம் போதாது.

தை மாதம் கொத்தனாரைக் கூப்பிட்டேன். மூலையிலிருந்து இரு பக்கமும் ஐந்தைந்து அடி விட்டுச் சாய்வாக வெட்டி, மூன்றடிச் சுவரும் மேலே கம்பி வலையும் போதும் என்றேன். "இடம் போகுதே ஐயா" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் கடப்பாரையை எடுத்தார். வெட்டிய முக்கோணத்தில் ஒரு சிமென்ட் பலகை போட்டிருக்கிறேன். சாயங்காலம் அங்கேதான் உட்காருகிறேன்.

எதிர் மூலைக்காரரிடம் இன்னும் பேசவில்லை. அவர் மதில் எட்டு அடி.